உயிரணுவுக்குள் கால்சியம் சமிக்ஞையை அளந்து பொருள் காண்பது எப்படி

ஓய்வில் இருக்கும் ஓர் உயிரணுவின் சைட்டோசாலில் (உள்ளே நிறைந்திருக்கும் திரவத்தில்) கட்டற்ற கால்சியம் அயனியின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார் மட்டுமே. அதே உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் அது 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கிறது. பத்தாயிரம் மடங்கு அளவிலான இந்த வேறுபாட்டைக் காப்பதற்காக உயிரணு இடைவிடாமல் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவிடுகிறது: பிளாஸ்மா சவ்வில் உள்ள பம்புகள் கால்சியத்தை வெளியே தள்ளுகின்றன, செர்கா எனப்படும் பம்பு அதை உட்சவ்வுகளாலான எண்டோபிளாச வலைக்குள் ஏற்றிச் சேமிக்கிறது. இவ்வளவு செலவு செய்து உள்ளே குறைவாக வைத்திருப்பதால்தான், ஓர் அயனிக் கால்வாய் சில மில்லிநொடிகள் திறந்தாலும் உயிரணு அதை ஒரு செய்தியாக உணர முடிகிறது. இதயத் தசை சுருங்குவது, நரம்பு முனையிலிருந்து நரம்புணர்வு கடத்தி வெளிப்படுவது, கணையத்தின் பீட்டா செல் இன்சுலினைச் சுரப்பது, கருவுற்ற முட்டை பிளவுபடத் தொடங்குவது ஆகிய அனைத்தும் இந்தச் செய்தியைப் பின்தொடர்ந்தே நிகழ்கின்றன.

கால்சியத்தின் இந்தப் பங்கு முதலில் தவளை இதயத்தில் தெரியவந்தது. சிட்னி ரிங்கர் 1883-இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் நீரில் செய்த உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த இதயம், வாலைவடிநீரில் செய்த கரைசலில் துடிப்பை இழப்பதையும், சிறிதளவு கால்சியம் சேர்த்ததும் மீண்டும் துடிப்பதையும் காட்டினார். ஆனால் உயிருள்ள ஒற்றை உயிரணுவுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதைச் சாதாரண ஆய்வகத்தில் பார்ப்பதற்கு மேலும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ஒளிர் நுண்ணோக்கியில் முதன்முறையாகக் கால்சியத்தை அளக்கப்போகும் மாணவருக்காகவும், பிறர் அளந்த வரைபடங்களைப் படித்து மதிப்பிட வேண்டியவருக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்துவது ஒன்றே: வரைபடத்தின் முகடு எவ்வளவு உயரம் என்பதைவிட, அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது, எப்படி அகற்றப்பட்டது என்பதே நோயைப் பற்றிப் பேசும். ஆகவே சோதனையைத் தொடக்கத்திலிருந்தே இந்தக் கேள்விக்கு விடை தரும்படி அமைக்க வேண்டும்.

சாயத்தைத் தேர்ந்தெடுத்தல்

ரோஜர் சியென் 1980-இல் பாப்டா என்னும் கால்சியம் பற்றியை (கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறை) உருவாக்கினார். 1985-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஃபியூரா-2 சாயத்தை அறிமுகப்படுத்தினர். இச்சாயம் கால்சியத்துடன் பிணையும்போது 340 நானோமீட்டர் ஒளியால் தூண்டப்படும் ஒளிர்வு கூடுகிறது, 380 நானோமீட்டரால் தூண்டப்படும் ஒளிர்வு குறைகிறது. இரண்டையும் 510 நானோமீட்டர் அருகே பதிவுசெய்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், உயிரணுவின் தடிமன், ஏறிய சாயத்தின் அளவு, சாயம் மெல்ல வெளிறுவது போன்றவற்றால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. முதலில் கற்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான். ஃப்ளூவோ-4 சாயம் 488 நானோமீட்டர் லேசருடன் ஒத்துப்போவதால் கான்ஃபோகல் நுண்ணோக்கிக்கும், வேகமாகத் துடிக்கும் இதயத் தசை செல்லுக்கும் ஏற்றது. ஆனால் அதில் ஒரே அலைநீளம்தான் உண்டு என்பதால், ஓய்வுநிலைச் செறிவு இரு உயிரணுக்களுக்கிடையே வேறுபடுகிறதா என்ற கேள்விக்கு அது நம்பத்தக்க விடை தராது. பல நாட்கள் தொடர்ந்து பார்க்க வேண்டியிருந்தால், 2001-இல் முதலில் வெளியான ஜி-கேம்ப் வகைப் புரதங்களை மரபணு வழியாகச் செலுத்தலாம்; சாயமேற்றும் தொல்லை அதில் இல்லை.

ஃபியூரா-2 பயன்படுத்துமுன் உங்கள் பொருளருகு வில்லை 340 நானோமீட்டர் ஒளியைக் கடத்துமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பல வில்லைகள் புற ஊதா ஒளியை வெட்டிவிடும்; அப்போது 340-இன் படம் மங்கலாகவும் இரைச்சல் நிறைந்ததாகவும் வரும், சாயம் சரியாக ஏறவில்லை என்று வீணாகச் சாயத்தைக் கூட்டத் தோன்றும்.

கரைசலும் சாயமேற்றலும்

அடிப்படைக் கரைசல் எளியது: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 2, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் ஹெப்பஸ் 10, எல்லாம் மில்லிமோலாரில், பி.எச். 7.4. வளர்ப்பு ஊடகத்தில் உள்ள ஃபீனால் ரெட் தானே ஒளிர்வதால் அதை முற்றாகக் கழுவி நீக்க வேண்டும். கால்சியமற்ற கரைசலைத் தயாரிக்கும்போது கால்சியம் குளோரைடைச் சேர்க்காமல் விட்டால் மட்டும் போதாது. நீரிலும் பிற உப்புகளிலும் ஒட்டிவரும் கால்சியமே சில மைக்ரோமோலார் அளவுக்கு இருக்கும் என்பதால் 0.5 முதல் 1 மில்லிமோலார் இ.ஜி.டி.ஏ. என்னும் கால்சியம் பற்றியைச் சேர்த்தே ஆக வேண்டும். இ.ஜி.டி.ஏ. கால்சியத்தைப் பற்றும்போது ஹைட்ரஜன் அயனிகளை வெளிவிடும்; ஆகையால் பி.எச்.-ஐக் கடைசியாக மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஃபியூரா-2 நான்கைந்து எதிர்மின்சுமைகளைத் தாங்கிய மூலக்கூறு. தானாகச் சவ்வைக் கடக்காது. அதன் ஏ.எம். எஸ்டர் வடிவத்தில் இந்த மின்சுமைகள் மறைக்கப்பட்டிருப்பதால் அது உள்ளே நுழைகிறது, உள்ளே உள்ள எஸ்டரேஸ் நொதிகள் எஸ்டரை வெட்டியதும் மின்சுமை மீண்டு சாயம் உள்ளேயே தங்கிவிடுகிறது. உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் 1 மில்லிமோலார் இருப்புக் கரைசலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறைநிலையில், இருளில் வையுங்கள். ஈரம் பட்டால் எஸ்டர் சிதைந்து சாயம் பயனற்றுப்போகும். சாயமேற்றும் நாளில் சாயம் நீரில் கரைய உதவும் ப்ளூரோனிக் எஃப்-127 உடன் கலந்து, இறுதிச் செறிவு 2 மைக்ரோமோலார் வரும்படி அடிப்படைக் கரைசலில் நீர்த்து, மெல்லிய கண்ணாடித் தகட்டில் வளர்ந்த உயிரணுக்களின்மேல் அறை வெப்பநிலையில் 30 நிமிடம் விடலாம். பிறகு கழுவி, எஸ்டர்கள் முழுதும் வெட்டப்படுவதற்காக மேலும் 20 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். அவசரத்தில் இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பது பெருந்தவறு: பாதி வெட்டப்பட்ட சாயம் ஒளிரும், ஆனால் கால்சியத்தை உணராது, எனவே முகடுகள் தட்டையாகும்.

37 டிகிரியில் நெடுநேரம் சாயமேற்றினால் சாயம் எண்டோபிளாச வலைக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் புகுந்துவிடும். இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்: நல்ல ஏற்றத்தில் உயிரணு சீராக, மென்மையாக ஒளிரும், கெட்ட ஏற்றத்தில் புள்ளிகளும் நூல்களும் தெரியும். அப்படித் தெரிந்தால் வெப்பநிலையையும் நேரத்தையும் குறையுங்கள். சில உயிரணுக்கள் சாயத்தை வெளியே இறைத்துவிடும். அங்கு 1 முதல் 2.5 மில்லிமோலார் புரோபெனிசிட் உதவும். படம் பளிச்சென்று வர வேண்டும் என்பதற்காகச் சாயத்தைக் கூட்டாதீர்கள். சாயமும் ஒரு கால்சியம் பற்றியே, அதிகம் ஏறினால் நீங்கள் அளக்க வந்த சமிக்ஞையை அதுவே விழுங்கிவிடும்.

முதல் பதிவு

சாயமேற்றாத உயிரணுக்களை ஒருமுறை அதே அமைப்பில் படமெடுத்துவிட்டுத் தொடங்குங்கள், ஏனெனில் 340 நானோமீட்டரில் உயிரணுவின் சொந்த நொதித்துணைப் பொருளான என்.ஏ.டி.எச். ஒளிரும். பின்னணி ஒளியை இரு அலைநீளங்களிலும் தனித்தனியே கழித்த பிறகே விகிதம் கணக்கிட வேண்டும். கழிக்காமல் வகுத்த விகிதத்தைப் பின்னால் எந்தக் கணக்காலும் திருத்த முடியாது. அடுத்து, எந்த மருந்தும் இல்லாத வெறும் கரைசலைச் சேர்த்துப் பாருங்கள். திரவம் பாயும் விசையே பல உயிரணுக்களிலிருந்து ஏ.டி.பி.யை வெளிவரச் செய்து, அதுவே கால்சியத்தை உயர்த்திவிடும் என்பதால், இந்தச் சோதனை இல்லாத பதிவை நான் நம்புவதில்லை.

இப்போது ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனித உயிரணு வகையான ஹீலா செல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றிரண்டு நொடிகளுக்கு ஒரு படம் என்ற வேகத்தில் ஒரு நிமிடம் ஓய்வுநிலையைப் பதிவுசெய்து, 100 மைக்ரோமோலார் ஹிஸ்டமின் சேர்க்கிறோம். ஹிஸ்டமின் தன் ஏற்பியுடன் பிணைய, ஃபாஸ்ஃபோலைப்பேஸ்-சி நொதி ஐ.பி.3 என்னும் சிறு மூலக்கூறை உண்டாக்குகிறது, அது எண்டோபிளாச வலையில் உள்ள தன் கால்வாயைத் திறக்கிறது. கால்சியத்தை இப்படி விடுவிப்பது ஐ.பி.3-தான் என்பது 1983-இல் கணையச் செல்களில் நிறுவப்பட்டது. திரையில் சில நொடிகளில் விகிதம் செங்குத்தாக ஏறும். கூர்ந்து பார்த்தால் சில உயிரணுக்களில் ஏற்றம் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை அலையாகப் பரவும். பின் முகடு தளர்ந்து, ஓய்வுநிலைக்குச் சற்று மேலே ஒரு தாழ்ந்த மேடாக நிலைகொள்ளும். ஹிஸ்டமினின் செறிவைக் குறைத்தால் பல உயிரணுக்கள் ஒற்றை முகட்டுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் அலைவுகளைக் காட்டும், ஒவ்வொன்றும் தன் தாளத்தில். ஐம்பது உயிரணுக்களின் சராசரியை மட்டும் வரைந்தால் இந்த அலைவுகள் ஒன்றையொன்று மறைத்து, வழவழப்பான ஒரு கோடு மிஞ்சும். தனி உயிரணுக்களின் கோடுகளைப் பார்க்காமல் சராசரிக்குப் போகவே கூடாது.

கால்சியம் எங்கிருந்து வந்தது?

மேலே கண்ட முகடும் மேடும் ஒரே நிகழ்வின் இரு பகுதிகள் போலத் தோன்றினாலும், அவற்றின் மூலங்கள் வேறு. அதே ஹிஸ்டமினைக் கால்சியமற்ற கரைசலில் கொடுத்தால் முகடு வரும், மேடு வராது. அதாவது முகடு உள்சேமிப்பிலிருந்து வந்தது, மேடு வெளியிலிருந்து வந்தது. இச்சோதனையைக் கரைசல் மாற்றிய ஓரிரு நிமிடங்களுக்குள் செய்துவிடுங்கள். தாமதித்தால் உள்சேமிப்பு கசிந்து வற்றிவிடும், முகடும் சுருங்கும், முடிவு குழம்பும்.

உள்சேமிப்பையும் வெளி நுழைவையும் தெளிவாகப் பிரித்துக் காட்டும் முறை தாப்சிகார்ஜின் சோதனை. கால்சியமற்ற கரைசலில் 1 மைக்ரோமோலார் தாப்சிகார்ஜின் சேர்த்தால் செர்கா பம்பு மீளாவண்ணம் நின்றுவிடுகிறது, சேமிப்பிலிருந்து எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் கால்சியம் திரும்ப ஏற்றப்படாமல் சைட்டோசாலில் மெல்ல உயர்கிறது, பிறகு பிளாஸ்மா சவ்வின் பம்புகள் அதை வெளியேற்றுவதால் சுமார் பத்து நிமிடங்களில் தாழ்கிறது. இந்த முதல் ஏற்றத்தின் கீழுள்ள பரப்பு சேமிப்பு எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதைத் தோராயமாகச் சொல்லும். கோடு ஓய்வுநிலைக்குத் திரும்பியதும் வெளியே 2 மில்லிமோலார் கால்சியத்தைச் சேர்த்தால், இரண்டாவது ஏற்றம் வரும். காலியான சேமிப்பு தானே வெளிவாயிலைத் திறந்திருப்பதற்கு அது சான்று. ஜேம்ஸ் புட்னி 1986-இல் முன்மொழிந்த இந்தக் கருத்துக்கு மூலக்கூறுகள் கிடைக்க நெடுங்காலமாயிற்று: எண்டோபிளாச வலைக்குள் கால்சியம் குறைவதை உணரும் ஸ்டிம்1 புரதம் 2005-இலும், பிளாஸ்மா சவ்வில் கால்வாயாக அமையும் ஓராய்1 புரதம் 2006-இலும் அடையாளம் காணப்பட்டன. தாப்சிகார்ஜின் தோலை எரிச்சலூட்டுவதும் கட்டி வளர்ச்சியைத் தூண்டவல்லதுமான பொருள், கையுறையின்றித் தொடாதீர்கள். அது ஒட்டிய குழாய்களை அடுத்த சோதனைக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

இரண்டாவது ஏற்றம் ஓர் உயிரணுவில் தாழ்வாக வந்தால் உடனே நுழைவு குறைந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. வெளியேற்றும் பம்புகள் வலுவாக இருந்தாலும், சவ்வின் மின்னழுத்தம் தளர்ந்து உள்ளிழுக்கும் விசை குறைந்தாலும் அதே தோற்றம் வரும். நுழைவின் வேகத்தை மட்டும் அறிய மாங்கனீசு முறை உதவுகிறது: கால்சியத்தால் மாறாத 360 நானோமீட்டரில் ஃபியூரா-2 ஒளிர்வைப் பதிவுசெய்துகொண்டு, வெளியே மாங்கனீசைச் சேர்த்தால், அது கால்சியக் கால்வாய்கள் வழியே நுழைந்து சாயத்தின் ஒளிர்வை அணைக்கும், அணையும் சரிவே நுழைவின் வேகம். ஓராய் கால்வாயைத் தடுக்கச் சில மைக்ரோமோலார் கடோலினியம் போதும், ஆனால் ஃபாஸ்ஃபேட்டும் கார்பனேட்டும் அதை வீழ்படிவாக்கிவிடுவதால் மேலே சொன்ன ஹெப்பஸ் கரைசலையே பயன்படுத்துங்கள்.

நரம்பு, தசை, பீட்டா செல் போன்ற கிளர்ச்சியுறும் உயிரணுக்களில் மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாய்களே பெரிய வாயில். சோடியத்தை அதே அளவு குறைத்துப் பொட்டாசியத்தை 50 மில்லிமோலாராக உயர்த்தினால் சவ்வு மின்முனைவு நீங்கி அவை திறக்கும். அவற்றில் எல்-வகையை அடைக்கும் மருந்தான நிஃபெடிபைன் அந்த ஏற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதிலிருந்து எல்-வகைக் கால்வாயின் பங்கு தெரியவரும். கடைசியாக, நீங்கள் கண்ட உயிரணு விளைவுக்கு (சுரப்பு, இறப்பு, மரபணு வெளிப்பாடு எதுவாயினும்) கால்சியம்தான் காரணமா, உடன் நிகழ்ந்ததா என்று அறிய, பாப்டாவின் ஏ.எம். எஸ்டரை ஏற்றி உள்ளே கால்சியம் உயர முடியாதபடி செய்து விளைவு மறைகிறதா என்று பாருங்கள்.

விகிதத்தைச் செறிவாக மாற்றுதல்

ஒவ்வொரு பதிவின் முடிவிலும், சவ்வைக் கால்சியம் கடக்கச் செய்யும் அயனோமைசினுடன் 10 மில்லிமோலார் கால்சியம் கொடுத்து அதிகபட்ச விகிதத்தையும், அயனோமைசினுடன் மிகுந்த இ.ஜி.டி.ஏ. கொடுத்துக் குறைந்தபட்ச விகிதத்தையும் எடுக்க வேண்டும். பின் 1985-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வந்த சமன்பாடு:

கால்சியம் செறிவு = பிணைப்பு மாறிலி × பீட்டா × (விகிதம் − குறைந்தபட்ச விகிதம்) ÷ (அதிகபட்ச விகிதம் − விகிதம்)

37 டிகிரியில் பிணைப்பு மாறிலி (சாயத்தில் பாதி கால்சியத்துடன் பிணைந்திருக்கும் செறிவு) 224 நானோமோலார். அறை வெப்பநிலையில் அது இதைவிடக் குறைவு. பீட்டா என்பது 380 நானோமீட்டரில் கால்சியமற்ற சாயத்தின் ஒளிர்வை, கால்சியம் நிரம்பிய சாயத்தின் ஒளிர்வால் வகுத்தது. எடுத்துக்காட்டாக பீட்டா 5, குறைந்தபட்ச விகிதம் 0.4, அதிகபட்சம் 6.0 என்று கொண்டால், 0.9 என்ற விகிதம் ஏறத்தாழ 110 நானோமோலாரையும், 2.0 என்பது சுமார் 450-ஐயும், 3.5 என்பது ஏறத்தாழ 1,390-ஐயும் குறிக்கும். விகிதம் 2.0-இலிருந்து 3.5-க்கு ஏறுவது கண்ணுக்கு முதல் ஏற்றத்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரிந்தாலும், செறிவில் அது முதல் ஏற்றத்தைப்போல மூன்று மடங்குக்கு நெருங்கிய உயர்வு. உயர்ந்த முகடுகளை ஒப்பிடும்போது இந்த வளைவை மறந்துவிடாதீர்கள். ஆயினும் உயிரணுவுக்குள் சாயத்தின் பிணைப்பு மாறிலி சோதனைக்குழாயில் உள்ளபடியே இருப்பதில்லை. நல்ல அளவுத்திருத்தம் செய்ய இயலாத இடத்தில், நானோமோலார் எண்ணை எழுதுவதைவிட விகிதத்தையே வெளியிடுவது நேர்மையானது என்பது என் கருத்து.

வரைபடத்திலிருந்து நோய்க்கு

மூலத்தைத் தேடுவதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கால்சியம் சார்ந்த நோய்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வாயிலிலோ பம்பிலோதான் தங்கியிருக்கின்றன என்பதே. ஓராய்1 கண்டறியப்பட்டதே, பிறவியிலேயே கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு கொண்ட குழந்தைகளின் டி-செல்களில் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில்) தாப்சிகார்ஜின் சோதனையின் இரண்டாவது ஏற்றம் வராததை ஆராய்ந்ததன் வழியாகத்தான். அவர்களின் சேமிப்பு சரியாகவே காலியானது, வெளிவாயில்தான் திறக்கவில்லை. நீடித்த நுழைவு இல்லாததால் கால்சியத்தால் இயங்கும் கால்சிநியூரின் நொதி போதிய அளவு செயல்படவில்லை, நோயெதிர்ப்பு மரபணுக்களை இயக்க வேண்டிய என்-ஃபேட் புரதம் உட்கருவுக்குள் செல்லவில்லை. உறுப்பு மாற்று சிகிச்சையில் தரப்படும் சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் இதே கால்சிநியூரினைத்தான் தடுக்கின்றன.

சமிக்ஞையின் வடிவமும் செய்தியின் ஒரு பகுதி. 1997-இல் பி-செல்களில் செய்யப்பட்ட ஆய்வு, தாழ்ந்து நீடிக்கும் கால்சியம் என்-ஃபேட்டை இயக்குவதையும், உயர்ந்து விரைவில் தணியும் கால்சியம் வேறு சில மரபணு இயக்கிகளைத் தூண்டுவதையும் காட்டியது. முகட்டின் உயரத்தை மட்டும் ஒப்பிட்ட ஒருவருக்கு இந்த வேறுபாடு தலைகீழாகத் தெரிந்திருக்கும்.

எலும்புத்தசையின் சேமிப்பிலிருந்து கால்சியத்தை விடும் கால்வாயான ரயனோடின் ஏற்பி-1-இல் சடுதிமாற்றம் கொண்டவர்களுக்கு ஹாலோத்தேன் போன்ற மயக்க வாயுவோ சக்சினைல்கோலினோ கொடுத்தால், சேமிப்பு கட்டுப்பாடின்றித் திறந்து, தசை இறுகி, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும். அந்த ஏற்பியை அடக்கும் டான்ட்ரோலீன்தான் உயிர்காக்கும் மருந்து. இதயத்தில் உள்ள ரயனோடின் ஏற்பி-2 பழுதானால், ஓய்வில் இயல்பான இதயத்துடிப்பு கொண்டவர்களுக்குக்கூட உடற்பயிற்சியிலோ மனக்கிளர்ச்சியிலோ கொடிய துடிப்புக் கோளாறு வரும். நாட்பட்ட இதயச் செயலிழப்பில் செர்கா பம்பு தளர்வதால் சேமிப்பு சரியாக நிரம்புவதில்லை. அதனால் முகடு தாழ்கிறது, அதன் இறக்கம் நீள்கிறது. இங்கே வரைபடத்தில் அளக்க வேண்டியது இறக்கத்தின் கால மாறிலி, அதாவது முகடு எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பது. இருப்பினும் செர்கா மரபணுவை இதயத்துக்குள் செலுத்திய பெரிய மருத்துவச் சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்; செல்லில் திருத்தியது நோயாளியில் திருந்திவிடும் என்று சொல்ல முடியாது. இதயத்தில் உள்ள அதே செர்கா வகையின் (செர்கா-2) மரபணு பழுதானால் தோலில் டேரியர் நோய் வருகிறது. பக்கவாதத்தில் குளூட்டமேட் என்னும் நரம்புணர்வு கடத்தி மிகுந்து, அதன் ஏற்பி வகையான என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் வழியே கால்சியம் வெள்ளமாக நுழைந்து நரம்பணுவைக் கொல்கிறது.

இவற்றைக் கேட்டவுடன், அப்படியானால் கால்சியம் மாத்திரை உண்பது இந்தச் சமிக்ஞையை மாற்றுமா என்று பலரும் கேட்கிறார்கள். இரத்தக் கால்சியத்தைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டி-யும் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கின்றன. உயிரணுவுக்குள் நடப்பதைத் தீர்மானிப்பவை வாயில்களும் பம்புகளுமே.

நோயாளியின் உயிரணுக்களை ஒப்பிடும்போது, நலமுடையவரின் உயிரணுக்களை அதே நாளில், அதே சாய இருப்பைக் கொண்டு, எது யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியாதபடி அளவிடுங்கள். வேறுபாடு கண்டால், இயல்பான மரபணுவைச் செலுத்தி அது மறைகிறதா என்று சோதியுங்கள். ஓராய்1-ஐ உறுதிசெய்தது இப்படிப்பட்ட மீட்புச் சோதனைதான். முடிவை எழுதும்போது வெப்பநிலை, சாயச் செறிவு, ஏற்றிய நேரம், படமெடுத்த வேகம், பின்னணி கழித்த முறை ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிட்டு, தனி உயிரணுக் கோடுகளையும் சராசரியுடன் சேர்த்துக் காட்டுங்கள். ஒரே தட்டில் அளந்த அறுபது உயிரணுக்கள் அறுபது தனிச் சோதனைகள் ஆகா. வெவ்வேறு நாட்களில், தனித்தனியே சாயமேற்றிய தட்டுகளின் எண்ணிக்கையையே புள்ளியியல் கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.